அந்த முழங்கை யாருடையது

நான் செய்வது பெயர் போடாத வேலை. மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடமாகக் கணினிக்கு முன்னால் இருந்து வடிவமைக்கிறேன். கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுப் பதாகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எல்லாம் என் கையால் போகும். காலையில் பஸ்ஸில் வரும்போது மதில்களில் தெரிகிறவற்றில் பாதி நான் செய்தவைதான். இதை யார் செய்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. எழுத்துப்பிழை வந்தால் மட்டும் கேட்பார்கள்.

ஒரே ஒருமுறை, யாரும் கேட்காமல் ஒன்றைச் செய்தேன். அதை நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களில் எல்லாம் பார்த்தார்கள், அதைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். அந்தக் கதையை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. இணையத்தில் கிடக்கிற கதையில் பாதி பொய்.

முதலில் போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், எழுவான்கரைப் பக்கம். அக்கா கல்யாணம் முடித்துப் போனது மேற்கே அக்கரைக்கு, படுவான்கரைக்கு. பாலத்தால் சுற்றிப் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். தோணியில் போனால் முக்கால் மணித்தியாலம். அக்கா புதுவீடு குடிபுகுந்த கிழமை, அம்மா வளர்த்த வெள்ளை ஆடு ஒன்றையும் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றையும் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவானது. ஆட்டை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஆகவே தோணியில் புறப்பட்டோம்.

எங்களுடையது கொஞ்சம் அகலமான தோணி. கதிரை நடுவில் சரியாக இறங்கி நின்றது. சும்மா கிடக்கிற கதிரைதானே என்று அப்பா அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாதி வழியில் வெயில் ஏறியது. அப்பா கறுப்புக் குடையை விரித்தார். தனக்கு அல்ல, காலடியில் நின்ற ஆட்டுக்குப் பிடித்தார்.

"உங்களுக்குப் பிடிங்கப்பா" என்றேன்.

"எனக்குப் பழக்கம். அதுக்குப் பழக்கமில்ல."

நான் தோணியின் முன்பக்கம் இருந்து திரும்பி, போனில் எடுத்தேன். பச்சைத் தண்ணீர், சிவப்புக் கதிரை, வெள்ளை ஆடு, கறுப்புக் குடை. அரசனைப் போல அப்பா. அவருக்குப் பின்னால், ஒரு பக்கமாகச் சரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தோணி வலிப்பது அம்மா.

இதில் ஒரு விசயம் இருந்தது. அதற்கு ஆறு மாதத்துக்கு முன் வலை இழுக்கும்போது அப்பாவின் வலது தோள் விலகிவிட்டது. தோளைச் சரிப்படுத்தினாலும் பழைய பலம் திரும்பவில்லை. துடுப்பைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். அன்றிலிருந்து அம்மாதான் வலித்தார். அம்மா வாவிக்கு நடுவில் இருக்கிற சின்னத் தீவொன்றில் பிறந்தவர், பள்ளிக்கூடத்துக்கே தோணி வலித்துப் போனவர். அவருக்கு அது பெரிய காரியமில்லை. அப்பாவுக்குத்தான் பெரிய காரியமாக இருந்தது. துறை கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்ததும் அப்பா, "இஞ்ச தா" என்று துடுப்பை வாங்கிக்கொள்வார். கடைசிக் கொஞ்சத் தூரத்தை அவர் வலித்துக் கரை சேர்ப்பார். பார்க்கிறவர்களுக்கு அப்பா வலித்து வந்த மாதிரித் தெரியும். நாங்களும் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை.

சில மாதம் கழித்து அச்சகத்துக்குப் புதுப் பிரிண்டர் ஒன்று வந்தது. நிறம் எப்படி விழுகிறது என்று பார்க்க ஒரு படம் வேண்டும். என் போனில் இந்தப் போட்டோ இருந்தது. சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை எல்லாம் ஒன்றாக உள்ள போட்டோ. அலுமாரியில் பழைய வெற்று டிவிடி பெட்டிகள் ஒரு கட்டுக் கிடந்தன. முன்பு கல்யாண வீடியோ போட்டுக் கொடுத்தவை, இப்போது எல்லாரும் பென் டிரைவ் கேட்கிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பொருந்துகிற அளவில் ஒரு படத்தின் அட்டையைச் செய்வோம் என்று தோன்றியது. அன்றைக்குக் காலையிலிருந்து மூன்று மரண அறிவித்தல் செய்திருந்தேன். மனம் வேறு எதையாவது கேட்டது.

டிவிடி அட்டை ஒடுக்கமானது. ஒரு பக்கத்தை வெட்ட வேண்டும். அம்மா இருந்த பக்கத்தை வெட்டினேன். "என்னப் படம் எடுக்காத" என்று எப்போதும் சொல்கிறவர், அவர் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் அதைப் பற்றி இரண்டு விநாடிகூட யோசிக்கவில்லை. மேலே பெரிய மஞ்சள் எழுத்தில் படத்தின் பெயரைப் போட்டேன்: 'ஆட்டுக்கு நீந்தத் தெரியாது'. அதற்குக் கீழே, ஏனென்று எனக்கே தெரியாது, 'பாகம் 2' என்று போட்டேன். அடியில் பொடி எழுத்தில்: கதை – இல்லை. இசை – பக்கத்து வீட்டு ஜெனரேட்டர். ஒளிப்பதிவு – வெயில். சண்டைப் பயிற்சி – அக்காவின் மாமியார். பெரியவர்களும் ஆடுகளும் பார்க்கலாம்.

நிறம் நன்றாக விழுந்தது. பெட்டிக்குள் போட்டு மேசையில் மாதிரிக்கு வைத்தேன்.

அடுத்த நாளே வெல்லாவெளியிலிருந்து கார்ட் அடிக்க வந்த ஒருவர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் பென் டிரைவை நீட்டினார். "தங்கச்சி, இந்தப் படத்த இந்தப் பென்னில அடிச்சுத் தரேலுமா?"

"அது படமில்ல ஐயா. சும்மா செஞ்ச அட்டை."

அவர் நம்பவில்லை. "சரி, அப்ப முதல் பாகமாவது இரிக்கா?"

என்னோடு வேலை செய்கிற, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற பெண் ஏறாவூர்க்காரி. அட்டை வெட்டுகிற மெஷினில் இருப்பவள், சிரித்தால் நிறுத்தத் தெரியாதவள். அந்த மனிதர் போனபிறகு அவள் பெட்டியைப் போனில் படம் எடுத்து, சினிமா பேசுகிற ஒரு குழுவில் போட்டுவிட்டாள். 'இந்தப் படம் ஆரிட்டயாவது இரிக்கா?' என்று மட்டும் எழுதினாள். வேறொன்றுமில்லை.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, பாருங்களன். எல்லாரும் பாத்தாங்களாம்!"

உண்மைதான். முதலில் ஒருவர், 'பார்த்தேன், முதல் பாகம் இதைவிட நல்லம்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், 'முதல் பாகத்தில் குடை இல்லையே, அப்போதே மனம் உடைந்துபோனது' என்றார். இடைவேளைக்கு முன் ஆடு திரும்பிப் பார்க்கிற இடத்தில் அழுதுவிட்டதாக ஒரு பெண் எழுதினாள். ஒருவர் நீளமான விமர்சனமே எழுதினார். கதிரை தன் பாத்திரத்தை உணர்ந்து நடித்திருக்கிறது, ஆனால் இரண்டாம் பாதியில் வாவிக்கு வேலையே இல்லை என்று.

இல்லாத படத்தைப் பார்த்தவர்கள் நாளுக்கு நாள் கூடினார்கள். குழுவிலிருந்து வேறு குழுவுக்கு, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு, அங்கிருந்து சிங்களத்தில் எழுதுகிற பக்கங்களுக்குப் போனது. யாரோ ஐந்தாம் பாகத்துக்கு அட்டை செய்தார்கள். யாரோ பதினேழாம் பாகம் செய்தார்கள், அதில் ஆடு கதிரையில் இருந்தது, அப்பா காலடியில் நின்றார், ஆடு அவருக்குக் குடை பிடித்தது. பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் ஒருவர் சிவப்புக் கதிரையை முற்றத்தில் போட்டு உட்கார்ந்து, தன் நாய்க்குக் குடை பிடித்துக்கொண்டு போட்டோ போட்டார். படம் இல்லை என்று ஏறாவூர்த் தங்கச்சி ஓரிடத்தில் எழுதிப் பார்த்தாள். 'மறுக்கிறார்கள், அப்படியென்றால் உறுதி' என்று பதில் வந்தது.

வீட்டில் அப்பாவுக்குக் காட்டப் பயமாக இருந்தது. கடைசியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது பொய்யெல்லோ" என்றார்.

"ஓமப்பா, சும்மா பகிடிக்கு…"

"ஆடு நீந்தும் புள்ள. ஆரு சொன்ன நீந்தாதெண்டு? எழுதுறண்டா விசாரிச்சு எழுதோணும்."

அவருக்கு வேறு குறையில்லை. தன் முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

பிறகுதான் முழங்கை வந்தது. யாரோ ஒருவர் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்து, ஓரத்தில் சிவப்பு வட்டம் போட்டார். நான் வெட்டிய இடத்தில், அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில், அரைவாசி முழங்கை ஒன்று தெரிந்தது. அதோடு கையில் சறுக்கி வந்திருந்த பச்சைக் கண்ணாடி வளையலின் ஒரு துண்டும் தெரிந்தது. பதினொரு வருடம் எழுத்துப்பிழை பார்த்த என் கண்ணுக்கு அது தப்பிவிட்டது.

'இவர் கையில் குடை. ஆட்டுக்குக் கையே இல்லை. அப்படியென்றால் தோணியை ஓட்டுவது யார்?'

அந்தக் கேள்வியோடு எல்லாம் வேறு மாதிரி ஆனது. முழங்கைதான் உண்மையான வில்லன் என்றார்கள். முதல் பாகத்தின் முடிவில் செத்துப்போன பாத்திரம் அது என்றார்கள். தயாரிப்பாளரின் முழங்கை, சம்பளம் கேட்டதால் வெட்டிவிட்டார்கள் என்று ஒருவர். 'முழங்கை ரசிகர் மன்றம்' என்று பக்கம் தொடங்கினார்கள். அதே கிழமையில் இன்னொரு பக்கம் என்னுடைய அட்டையை எடுத்து, அடியில் இருந்த பொடி எழுத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன்னுடைய முத்திரையைப் போட்டுத் தாங்களே செய்ததாக எழுதியது.

எனக்குக் கோபம் வந்தது. வேலையில் ஒருநாளும் வராத கோபம். ஆயிரம் பதாகை செய்திருப்பேன், ஒன்றிலும் என் பெயர் இல்லை, அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரை எழுதியது நான். அது என்னுடையது.

நிரூபிப்பது மிகச் சுலபம். வெட்டாத முழுப் போட்டோவை வெளியில் போட்டால் போதும். அது என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அதில் அம்மா துடுப்போடு இருந்தார். கதிரையில் அப்பா இருந்தார்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வேணாம்" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அம்மா அடுப்படியில் நின்றார். அவருக்குக் கேட்டிருக்கும்.

மூன்று நாள் போயிருக்கும். அன்றைக்குத் துறையில் நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் வழக்கம்போல அப்பா கடைசித் தூரத்தை வலித்துக் கரை சேர்த்திருக்கிறார். அம்மா இறால் கூடையோடு இறங்கியிருக்கிறார். அங்கே நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன், எங்களுக்குத் தெரிந்தவன்தான், அப்பாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினாலும் அம்மாவுக்குக் கேட்டது.

"அண்ண, ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படா. இந்த வளையல் போட்ட கை ஆருட? தோணியில ஆர ஏத்திட்டுப் போன நீங்க? அண்ணிக்குத் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சொன்னார், அப்பாவின் முகம் அப்படிச் சிவந்ததை முப்பத்தாறு வருடத்தில் பார்க்கவில்லையாம். கதிரையில் இருந்ததைப் பகிடி பண்ணியிருந்தால் பொறுத்திருப்பார். இது வேறு.

"ஆர ஏத்துறது? என்ட மனிசிதான்டா அது!" என்று கத்தியிருக்கிறார். "அவட கைதான். அவதான் தோணி வலிச்ச. எனக்குத் தோள் ஏலா. ஆறு மாசமில்ல, ஒரு வருசமாகப் போகுது, அவதான் வலிக்கிறா. நான் சும்மா கதிரையில குந்தி இரிந்த. இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

பிறகு ஒரு வயதானவர் மட்டும், "எங்களுக்குத் தெரியும் தம்பி" என்றாராம். "நீ கடைசியில துடுப்ப வாங்கக்குள்ள தோணி ஒரு பக்கம் கிறுகித் திரும்பும். தூரத்தில இருந்தே தெரியும்."

அன்று நான் வேலையால் வந்ததும் அப்பா முற்றத்தில் எனக்காகக் காத்திருந்தார். "முழுப் போட்டோவப் போடு" என்றார். "இண்டைக்கே போடு. ஊரெல்லாம் கண்டபடி பறையிறானுகள்."

நான் போனை எடுத்தேன். அப்போது அடுப்படியிலிருந்து அம்மா வந்தார்.

"ரெண்டு பேரும் என்னக் கேட்டயளா?"

உண்மையாகவே கேட்கவில்லை. நான் அவரை வெட்டும்போதும் கேட்கவில்லை, திரும்பப் போடப் போகும்போதும் கேட்கவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோவை வாங்கிப் பார்த்தார். தன்னைத்தான் பார்த்தார். சரிந்த உடம்பு, இறுகிய தாடை, நனைந்த சேலைக்கரை.

"போடலாம்" என்றார் கடைசியில். "ஆனா சும்மா போடாத. அண்டைக்குக் கச்சான் காத்து. மேற்கால நேர முகத்தில அடிச்ச. அதுக்கு எதிராத்தான் வலிச்சன். ஒரு ஆடு, ஒரு கதிரை, நீங்க ரெண்டு பேர். அத எழுது. எழுதினாத்தான் போடலாம்."

அப்படியே எழுதினேன். 'அட்டையைச் செய்தது நான். தோணியில் இருப்பது என் அப்பா. முழங்கை என் அம்மாவுடையது. அன்று கச்சான் காற்று. அதற்கு எதிராக, ஒரு ஆடு, ஒரு கதிரை, இரண்டு பேரோடு, முக்கால் மணித்தியாலம் அவர்தான் வலித்தார்.' முழுப் போட்டோவைக் கீழே போட்டேன். பெயர் யாருடையதையும் போடவில்லை, அம்மா கேட்டது அதுவல்ல.

பகிடி நின்றுவிடும் என்று நினைத்தேன். விளக்கம் சொன்னால் பகிடி செத்துப்போகும் என்பார்கள். நடந்தது வேறு. சற்று நேரத்தில் ஒருவர் எழுதினார்: 'நண்பர்களே, முதல் பாகம் கிடைத்துவிட்டது.'

அவ்வளவுதான். முழுப் போட்டோதான் தொலைந்துபோன முதல் பாகம் என்று எல்லாருமாகத் தீர்மானித்தார்கள். இதனால்தான் முதல் பாகம் நல்லம் என்று அன்றே சொன்னோம் என்றார்கள். விமர்சனம் எழுதிய மனிதர், கதாநாயகியை வெட்டிவிட்டு இரண்டாம் பாகம் எடுத்த இயக்குநரை மன்னிக்க முடியாது என்று எழுதினார். அந்த இயக்குநர் நான். வாசித்துவிட்டு அச்சகத்தில் தனியே சிரித்தேன். கொஞ்சம் சுட்டது, அதுவும் உண்மை. முத்திரை போட்ட பக்கம் ஒரு சொல்லும் சொல்லாமல் தன்னுடையதை அழித்துவிட்டது.

பிறகு மற்றப் போட்டோக்கள் வரத் தொடங்கின. ஓட்டமாவடியிலிருந்து ஒருவர் தன் கல்யாண வீட்டுப் போட்டோ ஒன்றைப் போட்டார். எல்லாரும் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள், கதவோரம் தேத்தண்ணித் தட்டைப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிகிறது. 'எங்கட உம்மாட கை' என்று எழுதியிருந்தார். வேறொருவர், பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் தெரிகிற ஒரு சேலை நுனியைப் போட்டார். குழந்தையைத் தாங்கிப் பிடித்த விரல்கள், போட்டோ எடுத்தவரின் நிழல், கண்ணாடியில் தெரிந்த அரை முகம். எல்லாவற்றுக்கும் மேலே 'முதல் பாகம்' என்று எழுதினார்கள். நான் செய்த மஞ்சள் எழுத்தையே எடுத்துப் பாவித்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கோபிக்கவில்லை. அந்த எழுத்து எங்கெல்லாம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு நிறைந்து இருந்தது. இதைவிட வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்பா துறைக்கு முன்னால் துடுப்பை வாங்குவதை விட்டுவிட்டார். அம்மாவே கரைவரை வலிக்கிறார். முதல் சில நாள் அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். பிறகு பழகிவிட்டது. இப்போது நடுவில் இருந்துகொண்டு, "இடத்தால விடு, வலத்தால விடு" என்று சொல்வதாகவும், அதைத் தாங்க முடியவில்லை என்றும் அம்மா முறையிடுகிறார்.

அடுத்த சித்திரை வருடப் பிறப்பு விளையாட்டுக்கு நோட்டீஸ் அடிக்க எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தார் அச்சகத்துக்கு வந்தார்கள். தலையணைச் சண்டை, தென்னோலைக் கிடுகு பின்னுதல், சைக்கிள் மெது ஓட்டம், ஆண்களுக்கான தோணி ஓட்டம் என்று வழமையான பட்டியல். கடைசியில் பேனையால் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: பெண்களுக்கான தோணி ஓட்டம். அது அதற்கு முன் எங்கள் ஊரில் நடந்ததில்லை.

"அம்மாவ வரச் சொல்லுங்க" என்றார் கழகத் தலைவர். "அவங்க இல்லாட்டி இத வைக்கேலா."

அம்மா முதலில் மாட்டேன் என்றார். பிறகு யார் யார் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு தோணிக்கு அடியில் பிடித்திருந்த பாசியை இரண்டு நாளாகச் சுரண்டினார்.

ஏழு தோணிகள். கரை முழுக்கச் சனம். ஏறாவூர்த் தங்கச்சி தன் இரண்டு மச்சிமாரோடு வந்து, முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இருந்தார், யாரையும் பார்க்கவில்லை. விசில் ஊதியதும் முதல் பாதி அவர்தான் முன்னால் போனார். திரும்பும் இடத்தில், இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு மெல்லிய பெண் உள்பக்கமாக வெட்டித் திரும்பி ஒரு தோணி நீளம் முந்திவிட்டாள். அம்மா விடவில்லை. கடைசிவரை விடவில்லை. அப்பா முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கி நின்று, ஏலாத கையையும் சேர்த்துத் தூக்கிக் கத்தினார். "வலி! வலி! என்ட மனிசி அது, பாத்துக்கோங்க!"

இரண்டாம் இடம். பரிசு ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின்.

கரைக்கு வந்ததும் அம்மா முதலில் அந்தப் பெண்ணிடம் போனார். அவள் தோணியின் ஓரத்தில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிய விதத்தைத் தனக்கு ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டார். இருவரும் துடுப்பை மாற்றி மாற்றிப் பிடித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். அப்பா பேசினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.